குரங்குக்குத் தீட்டு உண்டா?

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் காலையில், அபிராமபுரத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே இருந்த டிரான்ஸ்பார்மரில் ஷாக் அடித்து ஒரு குரங்கு செத்துப்போனது. கூட்டத்துக் குரங்குகளெல்லாம் மதில்மேல் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று மட்டும் இறங்கிவந்து செத்ததற்குப் பேன் பார்த்தது. வாட்ச்மேன் விரட்டினால் பல்லைக் காட்டிவிட்டு, மறுபடியும் வந்து பார்த்தது. எனக்குத் தாங்கவில்லை.

நிச்சயத்துக்காக வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, காலேஜில் விலங்கியல் நடத்துபவர். குரங்கு நமக்குத் தாத்தாதானே என்று அவரிடம் கேட்டேன். தாத்தா இல்லையாம். நாமும் அதுவும் ஒரே தாத்தாவின் வழியில் வந்தவர்களாம். வால் இல்லாத சிம்பன்சி நெருங்கிய சொந்தம், வாலுள்ள இது தூரத்துச் சொந்தம் என்றார்.

ஒரே தாத்தா என்றால் பங்காளி. பங்காளி போனால் பத்து நாள் தீட்டு, விசேஷம் கூடாது. யாரோ முகம் தெரியாத பங்காளி போனதற்காக எனக்கு ஒரு வருடக் கொலுவே போயிருந்தது, மறப்பேனா? நேரே கூடத்துக்குப் போய், நாளைக்கு நிச்சயம் பண்ணலாமோ என்று அப்பாவைக் கேட்டேன்.

அப்பா முதலில் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நல்ல காரியத்துக்கு முதல் நாள் வாசலில் சாவு, அதுவும் ஆஞ்சநேயர் அம்சம் என்றாள். அப்பாவின் சிரிப்பும் நின்றுபோனது. எத்தனை தலைமுறை இருக்கும் என்று மாமாவை விசாரித்தார். மாமா ஏதோ கோடி கோடியாக வருஷக் கணக்கு சொல்ல, அம்மா அவரை வாயை மூடச் சொன்னாள். யார் எதற்கு யார்மேல் எரிந்து விழுகிறார்கள் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் அக்கா அறையைவிட்டு வெளியே வந்தாள். இந்த இடம் வேண்டாம் என்று அவள் அப்பாவிடம் சொன்னதும், அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எல்லாப் பெண்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அம்மா எனக்கு விளக்கியிருந்தாள். மடி, தீட்டு என்றால் கேலி பேசுகிற அக்கா அன்று ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

“தீட்டுன்னா தீட்டுதானேப்பா. தள்ளி வச்சுடலாம்.”

அப்பா சாஸ்திரிகளுக்குப் போன் போட்டார். அவர் என்ன நினைத்தாரோ, அவ்வளவு தூரத்து உறவுக்கெல்லாம் ஒரு ஸ்நானத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். வீடே வரிசையாகத் தலைக்குக் குளித்தது. அம்மா முகம் தெளிந்து, சீர்த்தட்டுகளைத் துடைக்க உட்கார்ந்தாள்.

கடைசியாகக் குளித்துவிட்டு வந்த அக்கா, தலையைக்கூடத் துவட்டாமல் என்னை அறைக்குள் இழுத்தாள்.

“மாமாட்ட இன்னொரு தரம் கேட்டுண்டு வாயேன். நெருங்கின சொந்தமா இருக்குமோ என்னவோ.”

ஓடிப்போய்க் கேட்டேன். மாமா அறைக் கதவைப் பார்த்தார். அப்புறம், இல்லை, தூரம்தான் என்றார். வந்து அப்படியே சொன்னேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்தக் குரங்கின்மேல் அக்காவுக்கு எப்போது இவ்வளவு பாசம் வந்தது என்றுதான் எனக்குப் புரியவே இல்லை.