பஸ்ஸுக்குப் புள்ளி வைத்த கதை

ஒரு வீடியோ விளையாட்டில் வில்லனாக வருகிறவன் நான்தான் என்று தெரியாமல், அந்த வில்லனின் முகம் சகிக்கவில்லை என்று நானே விமர்சனம் எழுதியிருக்கிறேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. “இப்படி ஒரு வயிற்றை வைத்துக்கொண்டு எந்த மனிதனும் ஸ்டியரிங் பிடிக்க முடியாது, ஆட்டத்தைச் செய்தவர் கொஞ்சம் நிஜ உலகத்தையும் பார்க்க வேண்டும்” என்று அறிவுரையும் சொல்லி வைத்தேன். அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி என் வயிற்றின் மேல்தான் சாய்ந்திருந்தது.

நான் கெடா மாநிலத்தில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவன். பாடாங் செராயைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களின் முகப்பிலும் தாமான் குடியிருப்புகளின் முனையிலும் காலையில் காத்து நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு போய் கூலிம் ஹைடெக் பூங்காவில் இறக்குவேன். மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். நடுவில் பகல் முழுக்க சும்மா. சும்மா இருக்கிற ஆண்பிள்ளை வீட்டைச் சுத்தம் செய்யலாம், சமையலில் கைகொடுக்கலாம் என்று என் மனைவி பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். நான் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன்.

கேசட்டை எடுத்து உள்ளே ஊதிவிட்டுச் சொருகுவோமே, அந்தக் காலத்துப் பெட்டி. அதைச் செய்த நிறுவனம் அதை என்றைக்கோ மறந்துவிட்டது. ஆனால் உலகத்தின் பல மூலைகளில் என்னைப் போன்ற கிறுக்கர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அதே பெட்டிக்குப் புதிது புதிதாக ஆட்டம் எழுதுகிறார்கள். தாங்களே கேசட்டில் ஏற்றி, மேலே படம் ஒட்டி, தபாலில் அனுப்புகிறார்கள். அப்படி வருகிற ஆட்டங்களை விளையாடிப் பார்த்து இணையத்தில் தமிழில் விமர்சனம் எழுதுவது என் பகல்நேரத் தொழில். கடைசியில் பத்துக்கு இத்தனை புள்ளி என்று போடுவேன். இந்த வேலையைத் தமிழில் செய்கிறவன் அநேகமாக நான் ஒருவன்தான். போட்டிக்கு ஆளில்லாததால் முதலிடத்தில் இருக்கிறேன். வாசகர்கள் முக்கால்வாசிப் பேர் என் பயணிகள். பக்கத்தின் முகவரியை என் இருக்கையின் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறேன். சாலை நெரிசலில் அவர்களால் வேறு எதைத்தான் பார்க்க முடியும்?

அந்தப் பெட்டிக்குத் தோதாக, முதுகு தள்ளிய பழைய கண்ணாடித் தொலைக்காட்சி ஒன்றும் வைத்திருந்தேன். அதில் படத்துக்கு மேலேயும் கீழேயும் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அதையும் சுத்தம் செய்துவிடலாம் என்று, பின்பக்கம் இருந்த ஒரு திருகைத் திருப்பினேன். படம் மேலும் கீழும் இழுபட்டுத் திரையை நிறைத்துக்கொண்டது. திருப்தியாக இருந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆட்டம் வந்தது. நிலவறையில் பேய் பிடிக்கிற ஆட்டம். அதில் நாம் எத்தனை புள்ளி எடுத்தோம் என்பது திரையில் எங்குமே காட்டப்படவில்லை. நான் உருகிப்போனேன். “எண்ணிக்கைக்கு அடிமையாகாத தூய கலை” என்று எழுதி ஒன்பது புள்ளி போட்டேன்.

தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி என்று நான் கூப்பிடுவது, தோட்டத்து முச்சந்தியில் ஏறுகிற பெண்ணை. கூலிமில் கணினிச் சில்லு செய்கிற ஆலையில் வேலை. என் பேருந்து வந்து நின்ற பிறகுதான் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்து சாப்பாட்டு டப்பாவுடன் ஓடி வருவாள். நானும் சும்மா இருக்க மாட்டேன். அவள் நெருங்கி வரும் சமயம் பார்த்துக் கொஞ்சம் வண்டியை நகர்த்துவேன், மறுபடி நிறுத்துவேன், மறுபடி நகர்த்துவேன். வண்டியே சிரிக்கும். சில நாள், சிரிப்பில் என்னை மறந்து நிஜமாகவே போயிருக்கிறேன்.

ஒரு காலை ஏறியதும் சாப்பாடு கட்டித் தரும் ஒட்டுக்கடைப் பிளாஸ்டிக் பையை என் மடியில் போட்டாள். உள்ளே கேசட்.

“அண்ணே, இத விளையாடிப் பாத்து எழுதுங்க.”

“யாரு செஞ்சது தங்கச்சி?”

“நான்தான்.”

“நீயா? வேலைக்கும் போயிக்கிட்டு இதுக்கு ஏது நேரம்?”

“உங்க பஸ்ஸ விட்ட நாளெல்லாம் வீட்டுலதானே இருந்தேன்?”

முன்சீட்டில் எப்போதும் உட்காருகிற அக்கா ஒருவர் உண்டு. என் வண்டியின் எதிர்க்கட்சி அவர்தான். அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் அதிர்ந்தது.

தங்கச்சி படித்த தமிழ்ப்பள்ளியில் மொழி வாரம் வரப்போகிறது. அதில் இந்த ஆட்டத்தை வைக்கத் தலைமையாசிரியை வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்தார். பிள்ளைகள் திரையில் தமிழைப் படித்தால்தான் ஓட முடியும், அப்படிச் செய்திருக்கிறேன் என்றாள். “தமிழ்ல யாராச்சும் நல்லபடியா எழுதியிருந்தா டீச்சர்கிட்ட காட்டலாம். வேற யாருண்ணே இருக்கா?” என்று கேட்டாள். உண்மையில் வேறு யாரும் இல்லை. அதுதான் அவளுடைய துரதிர்ஷ்டம்.

அன்றைக்குப் பகலே உட்கார்ந்தேன். ஆட்டம் இதுதான்: ஒரு பெண் லயத்திலிருந்து பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். குறுக்கே நாய், சேற்றுக்குழி, படுத்தே இருக்கும் மாடு. நடுவில் பக்கத்து வீட்டம்மாள் வந்து “பசியாறியாச்சா?” என்று கேட்பார். நின்று பதில் சொன்னால் நேரம் போய்விடும். சொல்லாமல் ஓடினால் அந்த அம்மாள் நாயை அவிழ்த்துவிடுவார். கடைசியில் பஸ்ஸை நெருங்கும்போது, புள்ளி புள்ளியாக வரைந்த பெரிய வயிறும் தொங்கு மீசையுமாக ஒரு டிரைவர் பல்லைக் காட்டியபடி வண்டியை நகர்த்துவார். எச்சரிக்கை, கேள்வி, பதில் எல்லாம் திரையின் உச்சி வரியில் தமிழில் வரும்.

வந்தது. எப்படி வந்தது என்றால், “ஓடு தஙகசசி ஓடு” என்று வந்தது. நாய் வந்தால் “நாய!” பஸ் தவறினால் “பஸ போசசு.” ஓர் எழுத்தின் தலையிலும் புள்ளி இல்லை.

எனக்குள் இருந்த தமிழாசிரியர் எழுந்துகொண்டார். அப்படி ஒருவர் எனக்குள் இருப்பது அதுவரை எனக்கே தெரியாது; பள்ளியில் என்னைப் பார்த்த ஆசிரியர்களுக்கும் தெரியாது. “ஓலைச்சுவடியில் எழுதினால் கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். கேசட்டும் கிழியுமா?” என்று ஆரம்பித்து, மெய்யெழுத்தெல்லாம் மொட்டைத் தலையோடு அலைகிறது என்று நக்கலடித்து, டிரைவரின் வயிற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, பத்துக்கு நான்கு புள்ளி போட்டு அன்றைக்கே பக்கத்தில் ஏற்றினேன். எழுதியதைப் படித்து நானே சிரித்தேன். எனக்கு என் நகைச்சுவை எப்போதும் பிடிக்கும்.

மறுநாள் தங்கச்சி ஓடி வரவில்லை. எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். ஏறினாள், என் பக்கம் பார்க்கவில்லை, பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முன்சீட்டு அக்காதான் விஷயத்தை உடைத்தார்.

“பாவம்லா அந்தப் பொண்ணு. புள்ளி வைக்கத் தெரியாத ஆட்டம் பிள்ளைங்களுக்கு வேணாம்னு டீச்சர் சொல்லிட்டாங்களாம். நீ எழுதினதப் படிச்சிட்டுத்தான்.”

“நான் என்னக்கா செய்யிறது? தப்புன்னா தப்புன்னுதான எழுதணும்?”

“எழுது, எழுது. நேத்து மூலையில திரும்புறப்ப சிக்னல் போட்டியா நீ? அதுக்கு யாரு புள்ளி போடுறது?”

அந்த வாரம் முழுக்க என் வண்டியில் எல்லோரும் புள்ளியில்லாத் தமிழ் பேசினார்கள். இறங்கும்போது “நனறி அணணே!” கதவைத் திறக்கத் தாமதமானால் “அணணே, கதவு!” சிரிக்காமல் வந்தது அவள் ஒருத்திதான். வண்டியை நகர்த்தி விளையாட ஆளில்லாமல் முச்சந்தியில் நான் ஒழுங்காக நின்று ஒழுங்காகக் கிளம்பினேன். ஒழுங்காக ஓட்டுவது இவ்வளவு சலிப்பான காரியம் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை பகல் அதே ஆட்டத்தை மறுபடி போட்டு உட்கார்ந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரையில் பெண் நாய்க்குப் பயந்து மரத்தில் ஏறினாள்.

“ஏங்க, அவளுக்குத் தலையக் காணோமே!”

“உச்சிக்குப் போனா அப்படித்தான். அது ஒரு பாணி.”

“என்ன பாணி? போன வாரம் நீங்க விளையாடின வேற ஆட்டத்துல பறவைக்கும் தலை இல்ல. முன்னெல்லாம் மேல கறுப்பா ஒரு பட்டை இருக்குமே, அது எங்க போச்சு?”

எழுந்து போய் ஸ்குரூடிரைவரை எடுத்து வந்து தொலைக்காட்சியின் முதுகுப்பக்கம் குனிந்தேன். என் வயிறு அதற்கு ஒத்துழைக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். “மேல ஏதோ வருதுங்க,” என்றாள் மனைவி. எட்டிப் பார்த்தேன். படம் சுருங்கச் சுருங்க, சட்டத்துக்குள் ஒளிந்திருந்த வரி மெல்ல இறங்கி வந்தது. ங்-க்கு ஒரு புள்ளி. ச்-க்கு ஒரு புள்ளி. ஓடு தங்கச்சி ஓடு. ஒன்றுகூட விடுபடவில்லை. அந்தப் பெட்டியில் ஓர் எழுத்துக்குக் கிடைக்கிற கட்டம் சின்னது என்பதால் எழுத்தை ஒரு கட்டத்திலும் புள்ளியை அதற்கு மேல் கட்டத்திலும் வைத்திருந்தாள். அந்த மேல் கட்டத்தைத்தான் நான் தீபாவளிக்குச் சுத்தம் செய்திருந்தேன்.

ஒரு சந்தேகத்தில் ஐரோப்பியப் பேய் ஆட்டத்தையும் சொருகிப் பார்த்தேன். உச்சியில் பெரிதாகப் புள்ளிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மறைந்தால் தூய கலை; நம் பெண்ணிடம் மறைந்தால் தமிழ் தெரியவில்லை. இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. “போய்ச் சொல்லுங்க,” என்றாள்.

திங்கட்கிழமை ஆட்களை இறக்கிவிட்டு, பெட்டியையும் தொலைக்காட்சியையும் காலிப் பேருந்தின் முன்சீட்டில் ஏற்றி, விழாமல் துண்டால் கட்டி, பள்ளிக்கு ஓட்டினேன். அலுவலகத்தில் இருந்தவர்கள் பழைய சாமான் கொடுக்க வந்தவன் என்று நினைத்துப் பின்வாசலைக் காட்டினார்கள். தலைமையாசிரியை கடைசியில் வந்தார். அவர் முன்னாலேயே திருகை அங்கும் இங்கும் திருப்பி, புள்ளிகளை மறைத்துக் காட்டினேன், வரவழைத்துக் காட்டினேன்.

“தப்பு என் டிவியோடது, டீச்சர். டிவியக் கெடுத்ததும் நான்தான். தங்கச்சியோட தமிழ் சுத்தமான தமிழ்.”

அவர் கையை நீட்டி விளையாட்டுக் கட்டையை வாங்கினார். நாயைத் தாண்டினார். பக்கத்து வீட்டம்மாளுக்கு மரியாதையாகப் பதில் சொன்னார். பஸ்ஸை நெருங்கியதும் டிரைவர் பல்லைக் காட்டி வண்டியை நகர்த்தினார். தலைமையாசிரியை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“பஸ் ஓட்டுறேன், டீச்சர்.”

“தெரியுது,” என்றார்.

அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. அந்த மீசையை நான் தினமும் காலையில் கண்ணாடியில் சீவுகிறேன். நகர்த்தி நிறுத்தி நகர்த்துகிற அந்த விளையாட்டை என்னைத் தவிர கெடாவில் யார் செய்கிறார்கள்?

மொழி வாரத்தில் ஆட்டத்தை வைக்கிறோம், அந்தப் பொண்ணை எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள் என்றார் அவர். நான் வண்டியில் உட்கார்ந்தே விமர்சனத்தைத் திருத்தி எழுதினேன். திருகில் ஆரம்பித்து தூய கலை வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. புள்ளி போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்தேன்.

மறுநாள் காலை முச்சந்தியில் நின்றேன். தங்கச்சியைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் லயத்துக்குப் பின்னாலிருந்து டப்பாவுடன் ஓட்டமாக வந்தாள். விமர்சனத்தைப் படித்திருக்கிறாள் என்று அந்த ஓட்டத்திலேயே தெரிந்தது. காலும் கையும் பழக்கத்தில் வண்டியை நகர்த்தப் பார்த்தன, அடக்கிக்கொண்டேன். கதவு முழுக்கத் திறந்திருந்தது. மூச்சு வாங்க ஏறினாள்.

“தங்கச்சி, டீச்சர் உன்னப் போன் போடச் சொன்னாங்க. ஆட்டத்த வைக்கிறாங்களாம்.”

“தெரியும்ண்ணே. நேத்தே பேசிட்டேன்.” முகத்தில் சிரிப்பு வந்தும் வராமலும் இருந்தது.

இதுதான் சமயம் என்று குரலைத் தணித்தேன். முன்சீட்டு அக்கா காதைத் தீட்டிக்கொண்டார்.

“பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டுடறேன். பிள்ளைங்கல்லாம் பாக்கப்போகுது, அந்த டிரைவரோட வயித்துல மட்டும் ஒரு நாலு புள்ளியக் கொறச்சுடேன்மா. மரியாதையா இருக்கும்.”

அவள் என் வயிற்றை ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“கொறச்சுத்தாண்ணே வச்சிருக்கேன்.”