ஒத்துப்போன எண்ணிக்கை

என் மருமகள் படம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். சென்னையில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம். அங்கே நுண்ணோக்கியில் எடுக்கும் படங்களில் எத்தனை செல், எவ்வளவு பெரிது, எவ்வளவு வெளிச்சம் என்று கம்ப்யூட்டரில் அளந்து சொல்வது அவள் வேலை. மாதத்தில் மூன்று வாரம் ஆரணியில் எங்கள் முன்னறையிலிருந்தே செய்கிறாள். பக்கத்து விசைத்தறிச் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். சந்தவாசல் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். என் மகன் தானே தேடிக்கொண்டது. நான் எதிர்க்கவில்லை. அவளோடு பேசவும் இல்லை. அதுவே பெரிய மனசு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மாடிக்குப் பதினேழு படி. காலை மாத்திரை ஐந்து, இரவு நான்கு. விழுங்குவதற்கு முன் இரண்டு முறை எண்ணுவேன். முப்பத்தொரு வருஷம் பட்டுச் சேலைச் சங்கத்தில் இருப்பு அறை என் பொறுப்பில் இருந்தது. அலமாரியில் உள்ள சேலையும் பதிவேட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தடவை ஒரு சேலை குறைந்தது. அது வேறு தட்டில் மாறிக் கிடந்தது தெரிய நான்கு நாளானது. நான்கு நாளும் சோறு இறங்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, மருமகள் என் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றாள்.

"மாமா, உங்களுக்கு ஒரு வேலை தரட்டுங்களா? எண்ற வேலை."

என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "குடும்மா, குடு. கொடியில காயற துணிய எண்ணிகினு எனுக்கு ஒரே பேஜார் பண்றாரு."

விஷயம் இதுதான். கிண்ணத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களுக்குச் சாயம் ஏற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். எல்லாச் செல்லின் நடுவிலும் நீலப் புள்ளி. இரண்டாகப் பிரியத் தயாராகும் செல் மட்டும் பச்சை. ஒரு மருந்தைக் கொடுத்த பிறகு பச்சை எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களை எண்ண அவள் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அதை நம்புவதற்கு முன், நாற்பது படங்களில் பச்சையை இரண்டு மனிதர்கள் தனித்தனியே கண்ணால் எண்ண வேண்டுமாம். ஒருத்தி அவள். இன்னொருவருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை போதும் என்று அவளுடைய மேடம் சொல்லிவிட்டார்.

விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள். படத்தின் இடது ஓரத்தையும் மேல் ஓரத்தையும் தொடும் புள்ளியைச் சேர்க்க வேண்டும். வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் தொடுவதை விட வேண்டும். அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. மங்கலான பச்சைதான் தொல்லை கொடுத்தது.

"இது பச்சையா, இல்லியாம்மா?"

"உங்க கண்ணுக்கு இன்னா தோணுதோ அதான் மாமா. என்னைக் கேக்கவே கூடாது."

ஒரு நாளைக்கு நான்கு படம். ஐந்தாம் நாள், வாசலில் காஸ் சிலிண்டர்காரர் கூப்பிட அவள் எழுந்து போனாள். அவளுடைய எண்கள் திரையில் திறந்தபடி இருந்தன. பதினேழாவது படத்துக்கு அவள் நாற்பத்தேழு. நான் நாற்பத்தொன்று. ஆறு குறைவு. மறுபடி படத்தைப் பார்த்தேன். தேடினால் மங்கலெல்லாம் பச்சையாகிவிடுகிறது. ஆறும் கிடைத்தன. அன்றிலிருந்து அவள் எழுந்து போகும் நேரத்துக்குக் காத்திருந்தேன். நாற்பதாவது படம் வரைக்கும் அப்படித்தான்.

பத்து நாள் முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட்டாள்.

"சூப்பர் மாமா! கடைசி இருபது படத்துக்கு மேல ரெண்டு பேருக்கும் வித்தியாசமே இல்ல."

அரை நாள் பெருமையாகத்தான் இருந்தது. மத்தியானம் அவள் சாப்பிட வராமல் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி எண்றோம், புரோகிராம் மட்டும் கம்மியா எண்ணுது மாமா. அப்போ அதுதான் மங்கல் பச்சைய விட்டுடுது. ரெண்டு மாசமா எழுதினத கலைச்சிட்டு மாத்தணும்."

"நாம ஒத்துப்போகலைன்னா?"

"அப்போ பிரச்சினையே இல்ல. மனுஷங்களுக்குள்ளயே இவ்ளோ வித்தியாசம் வரும், அதுக்குள்ளதான் புரோகிராமும் இருக்குன்னு விட்டிருப்பேன். அந்த வித்தியாசத்துக்காகத்தான் உங்கள எண்ணச் சொன்னதே."

பதினேழாவது படத்துக்குப் புரோகிராம் எவ்வளவு போட்டது என்று கேட்டேன். நாற்பத்திரண்டு என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சரியாக இருந்த ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதை வைத்து மருந்தின் பலனையும் தப்பாக அளக்கப் போகிறார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று முறை போய் நின்று, மூன்று முறையும் திரும்பினேன். நான்காவது முறை சொன்னேன்.

"பதினேழாவது படத்திலேருந்து உன் எண்ணைப் பாத்துட்டுத்தாம்மா போட்டேன்."

அவள் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். "இன்னா மாமா?"

இரண்டாவது தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எதுக்கு மாமா?"

"ஒத்து வரணும்னு."

"ரெண்டு நாளா தலைய பிச்சிகினு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" என்றாள். என்னிடம் அவள் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு மேடத்தை வீடியோவில் அழைத்தாள். "என் தப்புதான் மேடம். ஷீட்ட திறந்து வெச்சிட்டேன். அவரோட எண்ணிக்கைய எடுத்துக்க முடியாது" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அவங்க மேல தப்பில்லைங்க. நான்தான் பாத்து எழுதினேன்."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "எத்தனை படம் சார்?"

"இருபத்து நாலுங்க. முதல் பதினாறு சுத்தம்."

"திருட்டையும் எண்ணி வெச்சிருக்கீங்களே!" என்று சிரித்துவிட்டார். "புதுசா இருபத்து நாலு படம் அனுப்பறேன். ரெண்டு பேரும் எண்ணுங்க. எழுதினத கலைக்காதம்மா, பழசையே வெச்சிக்கோ."

இந்தத் தடவை அவள் எண்களுக்குப் பாஸ்வேர்டு போடச் சொன்னது நான்தான்.

"கோச்சுக்க மாட்டீங்களே மாமா?"

"போடும்மா, ஜல்தி போடு."

ஆறு நாளில் எண்ணி முடித்தோம். ஒரு படத்தில் நிறைய வித்தியாசம் வந்தது. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம்.

"இது பச்சை இல்லாம இன்னா மாமா, நீலமா?"

"இது பச்சைன்னா நம்ம வூட்டுச் சுவரும் பச்சைதான்."

"கண்ணாடிய தொடச்சிட்டு பாருங்க."

துடைத்துவிட்டும் பார்த்தேன். அவளுக்கு நாற்பத்து நாலு, எனக்கு முப்பத்தேழு, இரண்டுக்கும் நடுவில் புரோகிராமுக்கு நாற்பது. ஏழு வித்தியாசத்தைச் சரிசெய்ய எனக்குக் கை அரித்தது. அவள் மூன்று எண்ணையும் அப்படியே எழுதி, மேடத்துக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிட எழுந்தாள்.