முட்டைக்காரர் தவறவிட்ட கப்பல்

துறைமுகத்தில் அவருக்கு முட்டைக்காரர் என்று பெயர். வாழ்நாளில் ஒரு முட்டை விற்றதில்லை. இருபது டன் பெட்டியைக் கிரேனில் தொங்கவிட்டு, கீழே முட்டையை வைத்தாலும் உடையாமல் இறக்குவார் என்று யாரோ சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது. முட்டையை வைத்து யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. புகழுக்கு அதெல்லாம் அவசியமில்லை. பத்தொன்பது வருடம் பத்து மாடி உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, தன் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே உலகத்தைப் பார்த்தவர் அவர்.

மூன்று வாரமாக வீட்டில் இருக்கிறார். ஒரு பெட்டி ட்ரெய்லர் மேல் தடாலென்று இறங்கி, முன்னால் உட்கார்ந்திருந்த டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. விசாரணை முடியும்வரை கிரேன் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். ‘மெதுவாக இறக்கச் சொல்லும் கைச்சைகை கீழேயிருந்து தாமதமாக வந்தது.’ ஒரே வரி. சைகை காட்டியவன் மனைவியின் தம்பி. பெயரை எழுதவில்லை. எழுதாதது பெருந்தன்மை என்றுகூட ஒருநாள் நினைத்துக்கொண்டார்; அந்த ஷிப்டில் சைகைக்காரன் ஒருவன்தான். புதன்கிழமை விசாரணை. இருவரில் ஒருவருக்கு வேலை போவது உறுதி என்று சங்கத்துச் செயலாளர் சொல்லியிருந்தார்.

அந்த வரியை அவர் முக்கால்வாசி நம்பினார். மீதிக் கால்வாசிதான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்தது.

கீழ்வீட்டில் குடியிருந்த மைத்துனனுக்கு அந்த வரியைப் பற்றித் தெரியாது. காலை ஷிப்டு முடிந்ததும் மாடியேறி வந்துவிடுவான். “சும்மா உக்காந்தா மண்ட காஞ்சிடும் மாமா” என்று கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டை ஏற்றிக் கொடுத்ததும் அவன்தான்.

“பத்தொம்பது வருஷம் ஏத்தின சரக்கையெல்லாம் இப்ப மூழ்கடிக்கணுமாக்கும்” என்றாள் மனைவி, டீயை வைத்துவிட்டு.

எதிரிக் கப்பல் மேல் விடும் டார்பிடோ குண்டுக்குத் தானாகக் கணக்குப் போடும் வசதி விளையாட்டில் உண்டு. முதல் நாளே அதை அணைக்கச் சொன்னார். முட்டைக்காரருக்கு ஊன்றுகோல் எதற்கு?

“அப்ப எல்லாத்தையும் கையாலதான் போடணும்” என்றான் மைத்துனன். “மொதல்ல பெரிஸ்கோப்புல என்ன கப்பல்னு பாருங்க. இந்தப் புத்தகத்துல அது எவ்வளவு நீளம், கொடிமரம் எவ்வளவு உயரம்னு போட்டிருக்கும். அந்த உயரத்த வெச்சுத் தூரம். அது எந்தப் பக்கம் மூக்க வெச்சிருக்குன்னு கோணம். மூக்குலேருந்து வால் வரைக்கும் இந்தக் கோட்டத் தாண்ட எத்தன விநாடி ஆகுதுன்னு பாத்தா வேகம்.”

கோணத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். விநாடியை மனசுக்குள்ளேயே எண்ணினார். எட்டு நாளில் பதினோரு கப்பல். பதினொன்றும் பத்திரமாகக் கரை சேர்ந்தன. பழக்கதோஷம் என்று சொல்லிச் சிரித்தான் மைத்துனன். அவர் சிரிக்கவில்லை. கை தவறுவதை ஒன்பதாம் நாளும் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

அது திங்கட்கிழமை. பன்னிரண்டாவது கப்பல் வந்தது. பின்பக்கம் ஒற்றைப் புகைபோக்கி. மூன்று டார்பிடோ விட்டார். மூன்றும் கப்பலின் மூக்குக்கு முன்னால், வழிவிடுபவை போல, ஒழுங்காகக் கடந்து போயின.

“என்ன கப்பல்னு வெச்சீங்க?”

“எண்ணெய்க் கப்பல்.”

“புத்தகத்தத் தெறந்தீங்களா?”

“தெறக்க வேற செய்யணுமா? கப்பல் பாக்காதவனாடா நான்?”

மைத்துனன் விளையாட்டை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். “இது சின்னச் சரக்குக் கப்பல் மாமா. நீளம் பாதிகூட இல்ல. நீளத்த ஜாஸ்தியா வெச்சா வேகம் ஜாஸ்தியா வரும், குண்டு முன்னாடி போயிடும். கணக்குல ஒரு தப்பும் இல்ல. அவ்வளவு கச்சிதம். ஆனா வேற கப்பலுக்குப் போட்டிருக்கீங்க.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டின் தரைக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதில் ட்ரெய்லர் ஒரு செவ்வகம். எல்லா ட்ரெய்லரும் செவ்வகம்தான்.

“அன்னைக்கு வந்தது எந்த ட்ரெய்லர்?”

“புதுசு. உயரமானது. அந்த வாரந்தான் நாலஞ்சு வந்துச்சு. அதனாலதான் முன்னாடியே கைய விரிச்சு மெதுவான்னு காட்டினேன். நீங்க எப்பவும்போல வந்தீங்க. முட்டைக்காரருக்குத் தெரியாததான்னு நெனச்சுக்கிட்டேன்.”

விரித்த கை அவர் நினைவில் எங்கும் இல்லை. தாமதமாக வந்த கையும் இல்லை. அன்றைக்கு அவர் கையையே பார்க்கவில்லை. பழைய ட்ரெய்லர் என்று முடிவுசெய்துவிட்டு, அதன் உயரத்துக்குக் கச்சிதமாக இறக்கியிருக்கிறார்.

“நான் எழுதிக் குடுத்ததுல, சைகை லேட்டுன்னு இருக்கு” என்றார்.

மைத்துனன் புத்தகத்தை மூடினான். “எப்ப குடுத்தீங்க?”

“பத்து நாளாச்சு.”

அவன் மனசுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் மாடியேறி வந்த ஒன்பது மத்தியானங்கள். எழுந்து படியிறங்கிப் போனான்.

மனைவி வந்து கோப்பையைப் பார்த்தாள். “அவன் ஏன் டீயத் தொடாமப் போறான்?”

சொன்னார். அவள் நின்றவாறே கேட்டாள். கேட்டு முடித்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “எழுதுங்க. எழுதிட்டு அவன்கிட்ட நீங்களே கொண்டு போய்க் காட்டுங்க. நான் வர மாட்டேன்.”

முந்தையதைப்போல ஒரு வரியில் அடங்கவில்லை. நாலு தாள் கிழிந்தது. ஐந்தாவதை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மைத்துனன் வாசலிலேயே நின்று இரண்டு தடவை படித்தான்.

“ட்ரெய்லர் உயரம்னு சும்மா போட்டா நம்ப மாட்டாங்க” என்றான். “எத்தன அங்குலம்னு போடணும். நாளைக்கு ஷிப்டுல அளந்துட்டு வந்து சொல்றேன்.”

மாமா என்று சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.