பொங்கல்படியில் வந்த கிழங்கு

அறுபதுகளின் தொடக்கம். மதுரையில் என் கணவருக்கு வயிற்றுப்புண்ணுக்காக ஆபரேஷன் செய்து, பாதி இரைப்பையை எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தால் தோசை சுடுகிறவள் கை ஓய்ந்துபோகும் அளவுக்குச் சாப்பிட்டவர், இப்போது எலும்பும் தோலுமாகத் தென்காசியில் எங்கள் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தார். வயிறு வலித்து, வாந்தியும் வந்து, காற்றுப் பிரியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார் டாக்டர். என் மாமியாரும் அதைக் கேட்டுத் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அத்தையை மிஞ்ச ஆளில்லை.

பொங்கலுக்கு இலஞ்சியிலிருந்து என் அப்பா வீட்டுச் சீராகப் பொங்கல்படி வந்தது. கரும்பு, மஞ்சள்குலை, கூடவே ஒரு கட்டுப் பனங்கிழங்கு. மெலிந்த உடம்பைத் தேற்றப் பனங்கிழங்கை விட்டால் வேறில்லை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அத்தையே வேகவைத்து, உரித்து, ஒடித்து ஒடித்து மகனுக்குக் கொடுத்தாள்.

"தின்னுலே, சம்மந்தி வீட்டுக் கிழங்கு நல்லா மாவா இருக்கு."

அவரும் ஆசையாகத் தின்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது; என் வீட்டுக் கிழங்கல்லவா.

மாட்டுப்பொங்கலன்று காலையில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வலி வரும், போகும், முன்னைவிடப் பலமாகத் திரும்பி வரும். மத்தியானத்துக்குள் வாந்தி பச்சையாக வந்தது. ஒட்டிக்கிடந்த வயிறு உப்பத் தொடங்கியது. தெருவில் மாட்டுக் கொம்புகளுக்கு வர்ணம் பூசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வயிற்றைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. காற்றுப் பிரிந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

அத்தை டம்ளர் நிறைய விளக்கெண்ணெயோடு வந்தாள். எங்கள் வீட்டில் எல்லா வயிற்றுக்கும் அதுதான் மருந்து.

"குடுக்காதீங்க அத்தே. டாக்டர் சொன்னாருல்லா?"

"கிழங்கு கட்டிக்கிட்டு. பேதியானா சரியாயிரும். நீ செத்த அங்கன போ ஏட்டி."

அவர் ஒரு மடக்கு குடித்திருப்பார். நான் டம்ளரைத் தட்டிவிட்டேன்.

"எம்புள்ளயக் கொல்லப் பாக்கியா?" என்று அலறினாள்.

நானும் பதிலுக்குக் கத்தினேன். அவளிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வாடகைக் காரில் ஏற்றி, அவரைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவருடைய முனகல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அது நின்றபோதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பேதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"நான்தான் குடுத்தேன், ஒரு மடக்கு. அதுக்குள்ள இவ தட்டிவிட்டுட்டா," என்றாள் அத்தை.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் பந்தாகத் திரண்ட நார் கிடந்தது. பாதி வயிற்றால் அரைக்க முடியாத கிழங்கு அப்படியே இறங்கிக் குடலை அடைத்திருந்தது. இது அபூர்வமாகத்தான் நடக்கும் என்றார் டாக்டர். டம்ளர் முழுவதும் உள்ளே போயிருந்தால் குடல் கிழிந்திருக்கும் என்றார். இந்த அடைப்பு இனியும் வரலாம் என்றார்.

அத்தை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா உரிச்சுத்தானே குடுத்தேன்," என்றாள், யாரிடமோ.

அவர் பிழைத்து வீடு வந்தார். என் கோபமும் போய்விட்டது. வந்த அன்றைக்கே கஞ்சி வைத்து ஆற்றி, மகனுக்கு அவளே கொடுக்கட்டும் என்று அத்தையிடம் நீட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயே குடு ஏட்டி. எங்கையால வேண்டாம்."

அதன்பிறகு சாகும்வரை, மகன் இலையில் அவள் ஒரு கரண்டிச் சோறு போட்டு நான் பார்க்கவில்லை.