அகராதியில் மூன்று அர்த்தங்கள்

நேற்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் பதினேழு பேர். சுவரில் ஒட்டியிருந்த காய்ச்சல் எச்சரிக்கையில் 'விருலண்ட்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. அதை நான் முதலில் சந்தித்தபோது எனக்குப் பதினொரு வயது.

தம்பிக்கு அம்மை கண்டிருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து மலைக்குளிரில் வேப்பமரம் வளராது. அப்பா மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிப்போய்க் கொண்டுவந்த ஒன்பது கொத்துகளை வாசலில் செருகியிருந்தோம். அம்மை கண்ட வீட்டில் கடுஞ்சொல் ஆகாது. வந்திருப்பவள் மாரியாத்தா, நோய் என்றுகூட யாரும் சொல்லமாட்டோம்.

ஐந்தாம் நாள் தம்பிக்கு மூச்சு இரைத்தது. நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு, நானே எண்ணினேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் வந்து பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார்.

"லோரி அனுப்புறேன். உடனே கொண்டுபோங்க."

அம்மா வாய் திறக்குமுன் பக்கத்து வீட்டு அத்தை குறுக்கிட்டாள். "ஆத்தா இருக்கற வீட்டுலேர்ந்து புள்ளைய வெளிய தூக்கறதா? குடும்பமே வெளங்காது லா!"

டிரெசர் போனதும் அம்மா சீட்டை என்னிடம் நீட்டினாள். "என்னா எழுதியிருக்காருன்னு பாருடா."

ஆங்கிலத்தில் எழுதியிருந்ததில் 'விருலண்ட்' என்ற ஒரு சொல்தான் புரியவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு ஓடினேன். எட்டுவைத்து எண்ணினால் இருநூற்றுப் பதினான்கு. அவருடைய அகராதியில் மூன்று அர்த்தங்கள் இருந்தன: நஞ்சு நிறைந்தது, கொடியது, பகை மிகுந்தது. மூன்றில் எதையும் ஆத்தாவின் காதில் விழும்படி சொல்ல முடியாது. திரும்பும் வழியில் எட்டுகளின் கணக்கு தவறிப்போனது.

"என்னாடா?"

"ஆத்தா... ரொம்ப உக்கிரமா எறங்கியிருக்காளாம்."

அம்மா அத்தையைப் பார்த்தாள். "கேட்டீங்களா அண்ணி? எழுதியே குடுத்துட்டாரு. அவ்ளோ உக்கிரமா வந்தவள இந்தப் பொந்து வீட்டுல வச்சிருந்தா நமக்குத்தான் குத்தம்." பிறகு வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள். "தாயே, நீயும் வா. பெரிய எடத்துக்கே போலாம்."

ஒரு கொத்தை உருவித் துண்டோடு சேர்த்துத் தம்பியைச் சுற்றிக்கொண்டு லோரியில் ஏறினாள். அத்தை வாசலிலிருந்து விலகி வழிவிட்டாள்.

தம்பி பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தான். பன்னிரண்டு நாளும், அர்த்தத்தை மாற்றிச் சொன்ன குற்றத்துக்கு ஆத்தா என்ன செய்வாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். நேற்று என் எண்ணைக் கூப்பிட்டது காதில் விழாமல் நின்ற என்னை உலுக்கியவன் அந்தத் தம்பிதான். அவனுக்கு இப்போது நான்கு பேரப்பிள்ளைகள்.

கிராணி வீட்டிலிருந்து நான் திரும்புவதற்குள்ளேயே அம்மா தம்பியின் சட்டை இரண்டையும் கம்பளியையும் மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன்.

அன்று அதை மட்டும் நான் எண்ணவில்லை.