லதுஷா அழித்த சரிகள்

பதுளையிலிருந்து இரண்டு பஸ் மாறித்தான் றஷீதா டீச்சர் பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு வருவார். பிள்ளைகளோடு பேசி அவர்களின் மனக்கஷ்டங்களை அறிவது அவர் வேலை. சென்ற வருடம் பிள்ளைகளின் தனிமையை அளக்க மேலிடத்திலிருந்து ஒரு வினாத்தாள் வந்தது. ‘எனக்குப் பேச யாருமில்லை’ என்பதுபோல இருபது வரிகள். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’, ‘சிலவேளை’, ‘எப்போதும்’ என்பவற்றில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும்.

புள்ளி கூடினால் தனிமை அதிகம் என்று கணக்கு. ஐந்தாம் வகுப்பு லதுஷாவுக்குத்தான் ஆகக் குறைந்த புள்ளி. தாய் குவைத்தில், சித்தியோடு தோட்டத்து லய வீட்டில் இருக்கும் பிள்ளை. றஷீதாவுக்கு ஆறுதலாக இருந்தது. சிலரோடு பேச நாளைக்கும் வருவேன் என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் லதுஷா வரவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு கிளம்பியிருக்கிறாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சித்தி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இரண்டு நாள் மழையில் மண் இளகிக் கிடந்தது. பாடசாலை அதிபர் ஆற்றுப் பக்கம் ஆட்களை அனுப்பினார்.

றஷீதா வினாத்தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ‘எப்போதும்’ என்பதற்குக் கீழே பதினேழு இடங்களில் சரி போட்டு ரப்பரால் அழித்த தடம்.

லதுஷா யாரோடு விளையாடுவாள் என்று வகுப்பில் கேட்டார். எங்களோடு இல்லை என்றார்கள் பிள்ளைகள். கடைசியில் ஒரு பிள்ளை மட்டும், அவள் பிள்ளை மடுவத்துக்குப் போவாள் என்றது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது.

அங்கேதான் இருந்தாள், ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. இன்று பள்ளிக்கூடம் லீவு என்று ஆயாவிடம் சொல்லியிருக்கிறாள்.

“ஏன் மகள் அழிச்சீங்க?”

“தனியா இருக்கேன்னு சொன்னா பிள்ளைங்க ஹோம்ல கொண்டுபோய் விட்டுருவாங்கன்னு சித்தி சொன்னிச்சு. நீங்க அதுக்குத்தானே இன்னைக்கும் வந்தீங்க?”

பின்னால் வந்த சித்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். அடம் பிடிக்கும்போது மிரட்டுவதற்காகச் சொன்னது என்று முணுமுணுத்தாள்.

றஷீதா லதுஷாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “அதுக்கு இல்ல மகள். உங்களுக்குத் தெரியாம ஒண்டும் செய்ய மாட்டன்” என்றார்.

அந்தப் புள்ளிகளை நம்ப முடியாது என்று எழுதித்தான் அவர் வினாத்தாள்களைத் திருப்பி அனுப்பினார். மேலிடத்தில் ஏசினார்கள். அடுத்த தவணையில் வாராவாரம் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். லதுஷா முதல் மூன்று வாரமும் பேசவில்லை. நான்காம் வாரம், அம்மாவின் குரல் மறந்துபோகிறது என்றாள்.