ஆமிக் காசில் படித்த ஜூட்

இன்று காலை எங்கள் கட்டடத்தில் ஹீட்டர் திருத்த வந்தவர் செப்புக் குழாயைச் சூடாக்கி ஒட்டினார். கதவிடுக்கால் வந்த அந்த மணத்தில், தேநீர் ஆறுவது தெரியாமல் நின்றுவிட்டேன். ஜூட்டின் சட்டையில் எப்போதும் இருந்த மணம்.

கனடாவில், ஸ்காபரோவில் ஹீட்டர் திருத்தும் பட்டறை ஒன்றில் அப்போது தகரம் வெட்டிக்கொண்டிருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூச்சக்காரன். ஜூட் வேலைக்கு வந்த நாளில் அவன் காலில் ஆமிச் சப்பாத்து, இராணுவத்தார் போடும் கனத்த பூட்ஸ். நான் இயந்திரத்தின் மறுபக்கம் போய்விட்டேன். போர்க் காலத்தில் ஊரில் அந்தச் சப்பாத்துச் சத்தத்துக்கு ஓடிப் பழகிய கால்கள். என்னைக் கேட்காமலே நடந்துவிட்டன.

மத்தியானம் அவனே முன்னால் வந்து உட்கார்ந்தான். "அண்ணை, நான் மன்னார் ஆள். ஏன் ஒளிக்கிறியள்?"

சின்ன வயதில் இங்கே வந்து, கனடிய ஆமியில் சேர்ந்து, பிறகு விலகியவன். இப்போது பட்டறையில் வேலை பழகுகிறான். இடையிடையே சில கிழமைகள் கல்லூரியில் படிப்பு. படிப்புச் செலவு ஆமியுடையது.

"சும்மா குடுப்பாங்களோ தம்பி? பிறகு சண்டைக்குக் கூப்பிடுவாங்கள்."

"அது நான் இருந்ததுக்குத் தாற பெனிபிட். கூப்பிட்டா, அண்ணை விடமாட்டாராம் எண்டு சொல்லுறன்."

சிரித்தேன், ஆனால் நம்பவில்லை. ஆமி ஒன்றைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும் என்று நம்ப எனக்குப் பழக்கமில்லை.

சாப்பிடும்போது பாடத்தை ஆங்கிலத்தில் எனக்கு ஒப்புவிப்பான்.

"விளங்குதோ அண்ணை?"

"இல்லைத் தம்பி."

"எனக்கும்தான். சோதினையில ரெண்டு பேரும் ஒண்டாப் பெயில்."

வீட்டில் நான் தனி. ஒரு நாளில் நான் பேசுகிற பேச்சு முழுவதும் அந்த அரை மணித்தியாலத்தில்தான். அதனால் அவன் கல்லூரிக்குப் போகும் கிழமைகள் பொல்லாதவை. ஆமி கொண்டுபோய்விட்டது என்றே மனம் சொல்லும். ஒருமுறை தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு திரும்பி வந்தான். நான் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன்.

"எப்ப போறீர்?"

"எங்க?"

"சண்டைக்கு."

மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். "பேன் அண்ணை! மகளின்ர பள்ளிக்கூடத்தில பேன், எனக்கும் தொத்திட்டுது!"

கடைசிச் சோதனையில் அவன் பாஸ். ரோல்ஸ் பலகாரப் பெட்டியோடு வந்தான். "ஹீட்டர் வேலைக்கு லைசென்ஸ் வந்திட்டுது அண்ணை. கல்கரியில வேலை. தூரம்தான், ஆனா அங்க வீடும் மலிவாம்."

அவ்வளவு காலமும் நான் ஆமியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். படிப்பும் ஆளைக் கொண்டுபோகும் என்பது தோன்றவே இல்லை. "நல்லது தம்பி" என்றேன். பெட்டியிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

சில வருடங்கள் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் நாளில், போன் எடுத்தான். பிறகு இல்லை. பட்டறை இருந்த இடத்தில் இப்போது கண்டோ அடுக்குமாடி. நான் பிக்கரிங்கில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். அங்கே எல்லாரையும் ஒன்றாகச் சாப்பிட விடுவதில்லை. ஆளுக்கொரு நேரம், கையிலுள்ள கருவி பீப் அடித்துச் சொல்லும். நான் போகும்போது நீண்ட மேசையில் யாரும் இல்லை. எனக்கு முன்னால் சாப்பிட்டவரின் கதிரையில் சூடு மட்டும் இருக்கும். அவரை நான் இன்னும் கண்டதில்லை.